ஒரு மணிக்கு மேல் எண்ணெய் விடும் போல்ட்டுகள்

அந்தப் பட்டறையில் கழற்றித் துடைத்து டிரேயில் வைத்த ஹெட் போல்ட்டுகள், அதாவது எஞ்சினின் மேல்மூடியை இறுக்கும் போல்ட்டுகள், மதியம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் தாமாகவே எண்ணெய் விட்டன. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். சாதாரணப் பழைய கார் என்றால் பத்து போல்ட்டு, கொஞ்சம் பெரிய எஞ்சின் என்றால் பதினான்கு. எத்தனை இருந்தாலும் ஒன்று விடாமல் மரையில் மெல்லிசாக ஒரு பூச்சு, தலைக்கு அடியில் வாஷர் உட்காரும் இடத்தில் ஒரு வளையம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பொட்டு கூடச் சிந்தாது. அடியில் இருந்த டிரே காய்ந்தே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, போல்ட்டுகளும் அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டன.

பட்டறை, பெரிய சாலையிலிருந்து உள்ளே ஒடுங்கிப் போகும் சந்தின் கடைசியில் இருந்தது. உள்ளே இரண்டு கார் நிற்கலாம், மூன்றாவது வந்தால் அதன் பின்பாதி வெயிலில் நிற்கும். வலது பக்கம் லேத்துப் பட்டறை, இடது பக்கம் டீக்கடை. மெக்கானிக்குக்கு வயது ஐம்பத்தைந்து. எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கோர்ப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பலரும் சொன்னார்கள், அவரும் மறுத்ததில்லை. 'டக்கு' என்பது அவருடைய பட்டப்பெயர். அதற்குக் காரணம் அவர் கையிலிருந்த டார்க் ரென்ச். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண்ணைத் திருப்பி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுப் போதும் என்று சொல்லும் நீளமான சாவி அது. மனிதர்கள் சொல்வது எதையும் அவர் நம்பமாட்டார். கடைக்காரர் புதுசு என்று கொடுத்த கேஸ்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி மருந்துக்கடையில் இன்னொரு தடவை விசாரிப்பார். பக்கத்து வீட்டில் துக்கம் என்று சொன்னால்கூட யார், எப்போது, எப்படி என்று மூன்று பேரிடம் கேட்டபிறகுதான் முகத்தைச் சோகமாக்குவார். அந்த 'டக்' ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

ஹெட் போல்ட்டு விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மரை சுக்கு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். பெட்ரோலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மூன்று துணி மாற்றித் துடைத்து, கடைசியில் சட்டைக் கையில் ஒரு தடவை உரசிப் பார்ப்பார். சட்டையில் கறை பட்டால் திரும்பவும் முதலிலிருந்து. இதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் யாரோ ஒரு ஆள் போல்ட்டுக் குழிக்குள்ளேயே எண்ணெயை ஊற்றிவிட்டான். அடி மூடிய குழி, எண்ணெய்க்குப் போக வழி இல்லை. போல்ட்டை இறுக்க இறுக்க அது உள்ளே கிடந்து முட்டி, எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கையே பட்டென்று விரிசல் விட வைத்தது. அந்தச் சத்தம் அவர் காதைவிட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து எண்ணெய்க் குப்பி ஹெட்டுக்கு நான்கடி தள்ளித்தான் நிற்கும்.

மச்சான் வந்து சேர்ந்தபோது இந்தச் சட்டத்துக்கு வயது முப்பது. மச்சான் என்றால் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. வேலை பார்த்த கம்பெனிப் பட்டறையை மூடிவிட்டார்கள் என்று ஒரு பெட்டியோடும் சொந்த ஸ்பானர் செட்டோடும் வந்தான். மெக்கானிக் அவனை மச்சான் என்று கூப்பிட, லேத்துக்காரரும் டீக்கடைக்காரரும் கார் கொண்டு வருகிறவர்களும் அப்படியே கூப்பிட, ஒரே மாதத்தில் அவன் அந்தச் சந்துக்கே மச்சானாகிவிட்டான். கை நல்ல கை, வாய் அளவான வாய். வந்த வாரத்திலேயே ஒரு தடவை தயங்கித் தயங்கிச் சொன்னான். மாமா, காய்ந்திருக்க வேண்டியது குழிதான், மரையில் ஒரு சொட்டு இருந்தால்தான் போல்ட்டு ஒழுங்காக இறங்கும், கம்பெனியில் அப்படித்தான் செய்வோம் என்றான். பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து இப்போது பாடமும் கொடுத்து அனுப்புகிறார்களா என்று மெக்கானிக் கேட்டார். லேத்துக்காரர் சிரித்தார். மச்சான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் தடவை அது நடந்தது ஒரு புதன்கிழமை. ரிட்டயரான தலைமையாசிரியை ஒருவரின் கார், இறந்துபோன அவர் கணவர் ஓட்டிக்கொண்டிருந்தது, ஹெட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். மெக்கானிக் பத்து போல்ட்டையும் துடைத்து வரிசையாக அடுக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மச்சான் கேரியரில் கொண்டுவந்ததைப் பட்டறையிலேயே சாப்பிடுகிறவன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து முதல் போல்ட்டை எடுத்தவருக்கு விரல் வழுக்கியது. யார் எண்ணெய் போட்டது என்று கேட்டார். மச்சான் கையில் இருந்த ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே, தெரியலையே மாமா என்றான். மெக்கானிக் பத்தையும் திரும்பப் பெட்ரோலில் போட்டுத் துடைத்து, காய்ந்த போல்ட்டாகவே இறுக்கி, பத்து 'டக்'கும் கேட்டபிறகு கையைக் கழுவினார். ஆனால் அன்று மாலை எண்ணெய்க் குப்பியின் மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

அடுத்த வாரம் ஒரு வேன் எஞ்சின். மதியம் போல்ட்டுகள் நனைந்திருந்தன, குப்பியில் எண்ணெய் கோட்டை விட்டு இறங்கவில்லை. அப்படியானால் வெளியிலிருந்து கொண்டு வருகிறான் என்று மெக்கானிக் முடிவு செய்தார். டிரேயைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டிக்குள்ளேயே நனைந்தன. பூட்டை மாற்றினார், பிறகு பெட்டியை மாற்றினார், பிறகு பூட்டுக்கு மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அப்படியே இருந்தது, உள்ளே போல்ட்டுகள் பளபளத்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. இவ்வளவு சுத்தமாகச் செய்கிறான் என்றால் ரொம்ப நாளாகவே திட்டம் போட்டிருக்கிறான்.

இரண்டாம் வருடம் மச்சானையும் மதியம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அக்கா கையால் சூடாகச் சாப்பிடட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார். தம்பிக்கு இப்படி ஒரு கரிசனமா என்று மனைவிக்கு வாயெல்லாம் பல். அவர் சோற்றைவிட அதிகமாக மச்சானின் கையைப் பார்த்தபடி சாப்பிட்டார். இருவரும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே வந்தார்கள், போல்ட்டுகள் நனைந்தே இருந்தன. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்க வேண்டும். மெக்கானிக்கோ, அப்படியானால் உடந்தைக்கு ஆள் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். லேத்துக்காரருக்கும் தமக்கும் நடுச்சுவர் ஒன்றுதான் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. டீக்கடைக்காரர் கிளாஸ் எடுக்க வரும் சாக்கில் உள்ளே எட்டிப் பார்ப்பதும் உறைத்தது. இப்படியே அந்தச் சந்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தமக்கே தெரியாமல் அவருடைய குற்றவாளிகளாக நடமாடினார்கள், அவருக்குக் காலை வணக்கமும் சொன்னார்கள்.

விஷயம் வெளியே தெரிந்தபோது யாரும் பெரிதாக அதிர்ந்துபோகவில்லை. லேத்துக்காரர் அது இரும்பின் சூடு என்றார். டீக்கடைக்காரர், போல்ட்டுகள் ஒரு தடவை ருசி கண்டுவிட்டன, இனி விடாது என்றார். பாட்டில் மூடி திறக்கவில்லை, பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று சில பெண்கள் அதையெல்லாம் கொண்டுவந்து மதிய நேரத்தில் டிரேக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றில் எண்ணெய் வரவில்லை. ஹெட் போல்ட்டுக்கு மட்டும்தான் வரும்போல என்று திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள், அதில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மெக்கானிக்குக்கு மரை கழன்றுவிட்டது என்று சிலர் சொன்னது மட்டும் அவர் காது வரைக்கும் வந்தது. யார் சொன்னது என்று அதையும் விசாரிக்கத் தொடங்கினார்.

இதற்கு நடுவே வேலை கெடத் தொடங்கியிருந்தது. அவர் கோர்த்து அனுப்பிய பழைய எஞ்சின்களில் நாலில் ஒன்று, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட் தகடு விட்டுப்போயிருக்கும், ரேடியேட்டரில் குமிழி வரும், எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்தில் இருக்கும். முன்னேயும் அப்படி வந்ததுண்டு, அப்போது அவர் எண்ணியதில்லை, இப்போதுதான் எண்ணினார். கேஸ்கட் செய்கிறவன் திருடன் என்றார், ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார். தலைமையாசிரியையின் கார் இரண்டாவது தடவையாக வந்தபோது, மச்சான்தான் வேண்டுமென்றே கெடுக்கிறான் என்று மனதுக்குள் எழுதி வைத்துவிட்டார். நம் பெயரைக் கெடுத்துவிட்டுப் பட்டறையைப் பிடுங்கிக்கொள்ளத்தான் இந்த எண்ணெய் நாடகம். அந்தத் தடவையும் பத்தையும் துடைத்து, உரசிப் பார்த்து, காய்ந்தபடியே இறுக்கினார்.

மூன்றாம் வருடக் கடைசியில் அவர் செய்த காரியத்தை அவரே பின்னால் பல பேரிடம் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருக்கிறார். ஒரு நாள் துடைத்த போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு, யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்கே கொண்டுபோனார். படுக்கையறை பீரோவில், மனைவி மடித்து வைத்திருந்த நல்ல துணிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகிப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டுத் திறந்து பார்த்தால், எடுத்து வைத்து ஒரு தடவைகூட உடுத்தாத துணியில் பத்து வட்டக் கறை. மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.  கறை போகுமா என்று பார்க்கிறேன் என்று கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்தார். பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்தார்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் ஐந்து விரலையும் பார்த்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"என்ன வாசனை வருது? சொல்லுங்க."

"வெங்காயம்" என்றார்.

"இன்னொரு கை வேணுமா?"

அவர் கையை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். வெட்கத்தில் போனவர் போகிற வழியிலேயே அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார், அது அவருக்குப் பழக்கமான வேலை. லேத்துக்காரரும் ஒரு டாக்சி டிரைவரும் நிற்கும்போதே, நாளையிலிருந்து நீ வரவேண்டாம் என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டு, சரி மாமா என்றான். தன் ஸ்பானர்களை மட்டும் எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பட்டறைச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை மனைவி இரண்டு பையோடு நின்றாள். அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஷெட்டு பிடிக்கிறானாம், தனியாகக் கிடப்பான், பத்து நாள் சமைத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அந்தப் பத்து நாள் ஐந்து மாதமாயிற்று.

ஆள் போனபிறகும் போல்ட்டுகள் நிறுத்தவில்லை. மெக்கானிக் இப்போது சமைக்கத் தெரியாமல் சமைத்து, அதையும் சாப்பிடாமல், மதியம் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டு டிரேக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மேலே கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் நேராக டிரேயில் விழும். கடிகாரத்தில் ஒன்று பத்து. நடுவில் இருந்த இரண்டு போல்ட்டுகளில் முதலாவதன் மரையில், கீழிருந்து நான்காவது சுற்றில், மேலுதட்டில் வியர்வை அரும்புவது போல ஒரு துளி அரும்பியது. அது மெதுவாகச் சுற்றி ஓடி ஒரு பூச்சாகியது. பிறகு பக்கத்து நடுப் போல்ட்டு. பிறகு அதற்கு எதிர்மூலை, பிறகு இந்தப் பக்கம். ஹெட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டுமோ அதே வரிசையில், நடுவிலிருந்து ஓரத்துக்கு, பத்தும் நனைந்தன. அடிமுனையில் மட்டும் எண்ணெய் படவில்லை. குழிக்குள் ஒரு சொட்டுகூட இறங்கித் தேங்கக்கூடாது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

அவர் துடைத்தார், நனைந்தது. திரும்பத் துடைத்தார், திரும்ப அதே வரிசையில் நனைந்தது. ஏழு தடவை துடைத்துவிட்டுத் தம்முடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பட்டறையில் அவரைத் தவிர யாரும் இல்லை, ஷட்டருக்கு உள்பூட்டு. முப்பது வருடமாக யார் மேலாவது உட்கார இடம் கிடைத்துக்கொண்டிருந்த சந்தேகம் அன்றைக்கு அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவர் தோளிலேயே உட்கார்ந்தது.  ஒன்றரை மணிக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டார்.

அந்த வாரமே தலைமையாசிரியையின் கார் மூன்றாவது தடவையாக வந்தது, அதுவும் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. தலைமையாசிரியை கோபப்படவில்லை. வேலை முடியும் வரை இங்கேயே இருக்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், அதுதான் கோபத்தைவிட மோசமாக இருந்தது. மெக்கானிக் ஹெட்டை இறக்கி, அதன் அடிமுகத்தைச் சமமாகத் தேய்த்து, புது கேஸ்கட் வைத்து, மதியத்தையும் தாண்டிவிட்டார். பொழுது போகாமல் தலைமையாசிரியை காரின் முன்பெட்டியிலிருந்து அதனுடைய புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். சுவரில் பெயிண்டில் எழுதியிருந்த எண்களையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். எந்த வண்டிக்கு எவ்வளவு இறுக்கம் என்ற அந்தப் பட்டியலை, பட்டறை திறந்த புதிதில் போர்டு எழுதுகிற ஆளை வைத்து, இரவல் வாங்கிய புத்தகங்களைப் பார்த்து மெக்கானிக்தான் எழுத வைத்திருந்தார். எண்களை மட்டும் எழுது, அடியில் இருக்கிற பொடி எழுத்தெல்லாம் வேண்டாம், சுவர் போதாது என்று சொல்லியிருந்தார்.

"எண் சரியா இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "இதுக்குக் கீழ ஒரு வரி இருக்கே, அதையும் செய்றீங்கல்ல?"

என்ன வரி என்று அவர் கேட்டார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வகுப்பில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். மேலே சொன்ன அளவு, மரையிலும் தலைக்கு அடியிலும் எண்ணெய் தொட்ட போல்ட்டுக்கு உரியது. குழியில் எண்ணெய் தேங்கக்கூடாது.

டிரேயில் பத்து போல்ட்டும் நனைந்து தயாராக இருந்தன. மெக்கானிக் துணியை எடுக்கவில்லை. குழிகளை மட்டும் பஞ்சு விட்டுத் துடைத்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக நனைந்த போல்ட்டை இறக்கினார். மூன்று சுற்றாக இறுக்கினார். கடைசிச் சுற்றில் ரென்ச் வழக்கமாக 'டக்' என்று நிற்கும் இடத்தைத் தாண்டிப் போயிற்று. கால் சுற்றுக்குக் கிட்டத்தட்ட, கிறீச் என்ற முனகல் இல்லாமல், ஹெட்டை ஒரே சீராகக் கீழே அழுத்திக்கொண்டு போய், அப்புறம்தான் 'டக்' என்றது. அவருக்குப் புரிய ஒரு போல்ட்டு போதும். காய்ந்த மரை அவர் கொடுத்த பலத்தைத் தானே தின்றுவிட்டு, இறுக்கம் வந்துவிட்டது என்று ரென்ச்சைச் சொல்ல வைத்திருக்கிறது. ஒரு எஞ்சின் இரண்டு எஞ்சின் இல்லை, முப்பது வருடம். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்த ஒரு சத்தத்தை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டார். மிச்ச ஒன்பதையும் இறுக்கி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். ஷெட்டு சின்னது, சுத்தமாக இருந்தது. மச்சான் ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்து, வாங்க மாமா என்றான். உள்ளே அடுப்புப் பக்கத்தில் மனைவி எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை. மெக்கானிக் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஷட்டரைப் பூட்டிக்கொண்டு பார்த்தது, நடுவிலிருந்து நனைந்தது, பொடி எழுத்து, கால் சுற்று. அவ்வளவு நேரம் அவர் ஒரேயடியாகப் பேசி யாரும் கேட்டதில்லை. நீ ஒரு நாளும் எண்ணெய் போடவில்லை, நான்தான் உன்னை மூன்று வருடத்துக்கு மேல் திருடனாக வைத்திருந்தேன் என்று முடித்தார். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டான். நெடுநேரம் துடைத்தான்.

"ஒரு நாள் போட்டேன் மாமா."

நறுக்குகிற சத்தம் நின்றது.

"அந்த மொத புதன்கிழமை. டீச்சரம்மா வண்டி. காஞ்ச போல்ட்டுல போட்டா நிக்காதுன்னு மனசு கேக்கல. நீங்க கேட்டப்ப பயத்துல இல்லைன்னுட்டேன். அதுக்கப்பறம் ஒரு நாளும் நான் தொடல. ஆனா யாரு நம்புவா."

ஆக, இந்த வரலாற்றில் முதல் புதன்கிழமையை மட்டும் அடித்துவிட வேண்டும். மற்ற நாட்கள் அப்படியே நிற்கின்றன. மெக்கானிக்கின் முகம் ஒரு நொடி பழைய முகமாயிற்று. நான் அப்போதே சொன்னேனே, என் மூக்கு பொய் சொல்லாது என்ற வார்த்தைகள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றன. மனைவி அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் இப்போது என்ன சொல்லப்போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் தன் இரண்டு பையும் எங்கே இருக்கும் என்பது அவள் பார்வையிலேயே இருந்தது, அது அவருக்கும் தெரிந்தது. அவர் ஜீப்பின் மட்கார்டில் உட்கார்ந்தார்.

"எதுக்குப் போட்ட?" என்று கேட்டார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

 மூன்று வருடத்தில் யார் போட்டது என்று ஆயிரம் தடவை கேட்டவர், எதற்கு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மச்சான் ஒரு போல்ட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொடவேண்டும், எவ்வளவு தொடவேண்டும், தண்ணீர்ப் பாதைக்குள் இறங்கும் போல்ட்டு என்றால் எண்ணெய்க்குப் பதில் பசை ஏன் போடவேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். மெக்கானிக் குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டார், அதுவும் தெரிந்துகொள்ளத்தான்.

போகும்போது மனைவியிடம், வருகிறாயா என்றார். சந்தேகப்பட்டவர்களிடம் எல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாள். அது ஒரு வார வேலையாயிற்று. லேத்துக்காரரிடம், நடுச்சுவரில் ஓட்டை போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என்னையுமா சந்தேகப்பட்டீர்கள் என்று லேத்துக்காரர் ஆச்சரியப்பட்டு, அதுவரை இல்லாத வருத்தத்தை அன்றிலிருந்து இரண்டு நாள் பட்டார். டீக்கடைக்காரர் பெரிதாகச் சிரித்து ஒரு டீ கொடுத்தார், அதில் சர்க்கரை போடவில்லை. மருந்துக்கடைக்காரர், கேஸ்கட் கடைக்காரர், போர்டு எழுதுகிறவர் என்று பன்னிரண்டு பேரையும் பார்த்து முடித்துவிட்டு, எட்டாம் நாள் ஷெட்டுக்கு வந்து பெயர்களை விரல் விட்டுச் சொன்னார்.

"ஒருத்தர் பாக்கி" என்றாள் மனைவி.

யார் என்று யோசிப்பது போல அவர் கொஞ்சம் கூரையைப் பார்த்தார். அப்புறம் பார்வையை இறக்கினார். "உன்னையும் நெனச்சேன். முப்பது வருஷம் கூட இருந்தவ. நெனச்சிருக்கக் கூடாது."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்றீங்களான்னுதான் இத்தனை நாள் இங்க உக்காந்திருந்தேன்."

அவள் பைகளை எடுக்க உள்ளே போனாள். மச்சான் ஜீப்பு வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு அடுத்த மாதம் ஷெட்டைக் காலி செய்தான்.

இது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. தலைமையாசிரியையின் காருக்கு அதற்குப் பிறகு ஹெட்டைத் திறக்கும் வேலை வரவே இல்லை, இப்போது அவருடைய மருமகள் ஓட்டுகிறாள். சுவரில் எண்களுக்குக் கீழே பொடி எழுத்தும் வந்துவிட்டது. சுவர் போதாமல் அது லேத்துக்காரரின் சுவர் வரைக்கும் போகிறது. பழைய எஞ்சின்கள் நாற்பது ஐம்பது மைல் தொலைவிலிருந்தெல்லாம் வருகின்றன. மதியம் ஒரு மணிக்கு இருவரும் துடைத்த போல்ட்டுகளை டிரேயில் அடுக்கிவிட்டு, பெட்டியும் பூட்டும் இல்லாமல், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். மூன்று பேரும் சாப்பிடுகிறார்கள், சில நாள் அங்கேயே கொஞ்சம் கண் அயர்கிறார்கள். இரண்டு மணிக்கு வரும்போது போல்ட்டுகள் நனைந்து தயாராக இருக்கும். எப்போதாவது பத்தில் ஒன்று மட்டும் காய்ந்தே இருப்பதுண்டு. அன்றைக்கு மெக்கானிக் எண்ணெய்க் குப்பியை எட்டி எடுத்து, விரல் நுனியில் ஒரு சொட்டு தொட்டு, அந்த மரையில் தாமே தடவிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். ஏன் விட்டுப்போயிற்று என்று யாரையும் கேட்பதில்லை.